சோம்பல் மொழியும் உரையாடலும்



சோம்பல் தீது என்று இளமை முதலே கேட்டு வந்திருக்கிறீர்கள். இன்று, சோம்பலையே இயல்பாகக் கொண்ட ஒரு கணிப்பொறி மொழியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஹாஸ்கெல் என்பது அதன் பெயர். ஹாஸ்கெல் கரி என்னும் அமெரிக்கத் தருக்கவியல் அறிஞரின் நினைவாக அப்பெயர் இடப்பெற்றது. 1987ஆம் ஆண்டில் அறிஞர் குழு ஒன்று அதனை வகுக்கத் தொடங்கிற்று. 1990இல் முதல் வரையறை வெளிவந்தது.

இம்மொழியில் நிரல் என்பது கணிதச் சார்புகளின் தொகுதியே. ஒரு சார்புக்கு ஒரே மதிப்பைக் கொடுத்தால் என்றும் ஒரே விடைதான் கிடைக்கும். அன்றியும், ஒரு விடை தேவைப்படும் வரையில் கணிப்பொறி அதனைக் கணக்கிடுவதில்லை. ஆகவே முடிவில்லாத எண்வரிசையையும் இதில் எழுதி வைக்கலாம். முதற் பத்து எண்களைக் கேட்டால் அவை மட்டுமே கணிக்கப்படும்.

இங்கேதான் ஓர் இடர் எழுகின்றது. மனிதரோடு உரையாட ஒழுங்கு வேண்டும். முதலில் கேள்வி, பின்னர் பதில். தேவை நேரும்போது மட்டுமே வேலை செய்யும் மொழியில் எது முந்தும், எது பிந்தும்?

தொடக்கத்தில் கண்ட வழி இது: நிரல் வேண்டுகோள்களின் வரிசையைத் தரும், கணிப்பொறி பதில்களின் வரிசையைத் தரும். ஆயின், வேண்டுகோளை விடுக்குமுன் அதன் பதிலை நிரல் எட்டிப் பார்த்தால், இரண்டும் ஒன்றையொன்று எதிர்நோக்கி நின்றுவிடும்.

இதற்கு நெருங்கிய இடர் ஒன்றை நானே பட்டறிந்தேன். பெயரைக் கேட்டு வணக்கம் கூறும் சிறு நிரல் ஒன்றை, தட்டெழுதும் எழுத்துகள் அனைத்தையும் ஒரே வரிசையாகக் கொள்ளும் முறையில் எழுதினேன். திரையில் ஒன்றும் தோன்றவில்லை. சலித்துப்போய்ப் பெயரைத் தட்டினேன். உடனே கேள்வியும் வணக்கமும் சேர்ந்தே வந்தன! பெயர் வந்ததா என்று பார்த்த பின்னரே கேள்வி பிறக்குமாறு நான் எழுதியிருந்தேன். பிழை கணிப்பொறியினுடையதன்று, என்னுடையதே.

இத்தாலிய அறிஞர் எவுஜேனியோ மோஜ்ஜி 1989இல் வெளியிட்ட கணிதக் கருத்து ஒன்றை, பிலிப் வாட்லர் நிரலாக்கத்துக்குப் பொருத்திக் காட்டினார். சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் அவரும் 1993இல் அதனை உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் பயன்படுத்தும் வழியை விளக்கினர். மோனாட் என்பது அக்கருத்தின் பெயர். சமையற் குறிப்பை எழுதுவதால் அடுப்பு எரிவதில்லை அன்றோ? அதுபோல, 'பெயரைப் படி' என்பது செயலன்று, செயலைப் பற்றிய குறிப்பு. அதுவும் எண்ணைப் போன்ற ஒரு மதிப்பே. இரு குறிப்புகளைத் தொடுத்தால், முதற் செயல் முடிந்து அதன் விளைவு ஒப்படைக்கப்பட்ட பின்னரே அடுத்தது நிகழும். தொடுத்த வரிசையே நிகழும் வரிசையாகிறது. சார்புகளின் தூய்மையும் கெடவில்லை. 1996இல் வந்த ஹாஸ்கெல் 1.3 இம்முறையை ஏற்றது.

தூய்மையைச் சற்றே விட்டுக்கொடுத்திருந்தால் இந்த இடர் எளிதில் தீர்ந்திருக்கும். ஆனால் பின்னாளில் பிற மொழிகளும் கைக்கொண்ட இந்த நல்ல கருத்து ஹாஸ்கெலில் முளைத்திராது. கணக்கு ஒன்று இடக்குச் செய்யும்போது, மாணவர்களே, விதியை உடனே மீறிவிடாதீர்கள். சிறிது பொறுத்துப் பாருங்கள்.