பொறாமையா, அறச்சீற்றமா?



'உயர்ந்தவனைப் பார்த்துச் சிரிப்பதெல்லாம் பொறாமைதான். கிரேக்க நகைச்சுவை நாடகமே சாட்சி' என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போனார். துணைக்கு, புளூட்டார்க் எழுதிய அரிஸ்டைடிஸ் கதையையும் சொன்னார். ஏதென்ஸ், உடைந்த பானை ஓட்டிலே ஓட்டுப் போட்ட ஊருங்க! (சிரிப்பு) அதிலே பெயர் எழுதி ஒருவரைப் பத்தாண்டு நாடுகடத்தலாம். எழுதத் தெரியாத ஒருத்தன், ஆள் தெரியாமல் அரிஸ்டைடிஸிடமே ஓட்டை நீட்டி, அவர் பெயரையே எழுதச் சொன்னான். ஏன்? ஊரெல்லாம் அவரை நியாயவான், நியாயவான்னு புகழுறதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சாம்!

அது பொறாமைதான். மறுக்கவில்லை. ஆனால் எல்லாக் கோபத்தையும் அந்தக் கணக்கிலே எழுதலாமா?

அரிஸ்டாட்டில் பேச்சுக்கலை பற்றிய தன் நூலிலே இரண்டையும் பிரித்து வைக்கிறார். தகுதியில்லாதவன் செழிப்பதைக் கண்டு மனம் நோவது அறச்சீற்றம். நம்மைப் போன்ற ஒருவன், தகுதியோடு உயர்ந்தாலும் மனம் நோவது பொறாமை. பேராசிரியருக்குக் கோடீஸ்வரன் மேலே பொறாமை வராதுங்க. பக்கத்து அறைப் பேராசிரியர் மேலேதான் வரும்! (கைதட்டல்) அறச்சீற்றம் கொண்டவனோ, தகுதியுள்ளவன் உயர்ந்தால் மகிழ்வான்.

இப்போது நாடகத்துக்கு வருகிறேன். கி.மு. 388-இல் அரிஸ்டோபனீஸ் அரங்கேற்றியது, 'செல்வம்'. கிரெமிலஸ் என்ற ஏழை உழவன். யோக்கியமாக உழைத்தும் வறுமை, அயோக்கியர்களுக்கோ வாழ்வு. மனம் நொந்தவன், மகனையாவது அயோக்கியனாக வளர்க்கலாமா என்று தெய்வத்திடம் கேட்கப் போகிறான். திரும்பும் வழியிலே செல்வக் கடவுளையே சந்திக்கிறான். அவர் குருடர்! நல்லவர்களிடம் மட்டுமே போவேன் என்றாராம். பொறாமை கொண்ட ஜீயஸ் கண்ணைப் பறித்துவிட்டானாம்.

கவனியுங்கள் ஐயா! கண்ணைக் கெடுத்தது பொறாமை. உழவன் என்ன செய்தான்? பணக்காரன் வீட்டுக்குத் தீ வைத்தானா? இல்லை. கடவுளை மருத்துவத் தெய்வத்தின் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கண் திறக்க வைத்தான். அதற்கு முன்பே, பங்கு கொள்ளுங்கள் என்று ஏழை உழவர்களை எல்லாம் வீட்டுக்கு அழைத்தான். பொறாமைக்காரன் பக்கத்துக் காட்டுக்காரனைக் கூப்பிடுவானா?

கண் திறந்ததும் அலறியது யார் தெரியுமா? பொய்வழக்குப் போட்டே பிழைத்தவன்!

எனவே, 'இது நியாயமா?' என்று கேட்பவனைப் பொறாமைக்காரன் என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். அவன் பிடுங்க வரவில்லை. கண் திறக்க வருகிறான். மேடையிலே சிரித்தது அறச்சீற்றமே என்று கூறி அமர்கிறேன்.