அடியெடுக்க ஒரு கோடு

நாம் நடக்கும்போது நடையைப் பற்றி எண்ணுவதில்லை. பேசிக்கொண்டே நடக்கிறோம், பாடத்தை நினைத்தபடியே படியேறுகிறோம். எண்ணாமலே நடக்கும் இந்த ஆற்றல் சிலரைவிட்டு நீங்கிவிடுகிறது. அவர்களுக்குத் துணைநிற்கும் இயன்முறை மருத்துவத்தைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

1817-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இந்நோயை விளக்கி எழுதினார். அவர் பெயராலேயே இது வழங்குகிறது. நடுமூளையில் கருநிறம் படிந்த சிறு பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள உயிரணுக்கள் டோபமைன் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அவை சிறிது சிறிதாக அழிவதால், பழகிய அசைவுகள் தாமாக நிகழ்வது தடைப்படுகிறது. கை நடுங்கும், தசை விறைக்கும், அடி குறுகும். வாசற்படியை நெருங்கியதும் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதும் உண்டு.

ஆனால் ஒரு வியப்பு! சமதரையில் அடியெடுக்க இயலாதவர் மாடிப்படியில் ஏறிவிடுவார். தரையில் குறுக்கே கோடுகள் இட்டால், அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பவர்களும் உண்டு. இதனை ஜேம்ஸ் பர்டன் மார்ட்டின் என்னும் மருத்துவர் 1967-இல் எழுதிய நூலில் விளக்கினார். இதன் பொருள் என்ன? தானாக நடக்கும் வழி அடைபட்டாலும், கண்ணும் காதும் கவனமும் திறக்கும் மாற்றுவழி ஒன்று எஞ்சியிருக்கிறது என்பதே.

இயன்முறை மருத்துவர் இந்த வழியைப் பயன்படுத்துகிறார். தரையில் கோடிடுகிறார், தாளம் தட்டுகிறார், அடியை நீட்டி வைக்கப் பழக்குகிறார். சட்டென்று திரும்பாமல் வளைந்து திரும்பவும், நாற்காலியிலிருந்து முன்சாய்ந்து எழவும் கற்பிக்கிறார். இது நோயைப் போக்காது. மருந்துக்கு ஈடாகவும் ஆகாது. எனினும் நடையைச் சீராக்கவும், உடல் நிலைதடுமாறாமல் காக்கவும் பெரிதும் உதவுகிறது.

உங்கள் இல்லத்துப் பாட்டனாருக்கு இந்நோய் இருக்கலாம். அவர் வழியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விரைவுபடுத்தாதீர்கள். இழுத்தால் விழுந்துவிடக்கூடும். அருகில் நின்று, அவர் மூச்சுவிட்டு நிமிரும்வரை பொறுத்திருங்கள். பிறகு “ஒன்று, இரண்டு” என்று நிதானமாக எண்ணுங்கள். அல்லது உங்கள் பாதத்தை அவர் முன்னே குறுக்காக வைத்து, “இதைத் தாண்டுங்கள், தாத்தா” என்று சொல்லுங்கள். அவர் நின்றது பிடிவாதத்தால் அன்று. அடியெடுக்க ஒரு கோடு இல்லாமையால்தான். அந்தக் கோடாக நீங்கள் இருக்கலாம்.