ஆடி பதினெட்டும் எங்க அம்மாவும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கமில்லை. குழுவுல தீர்மானம் எழுதுறதோட சரி. சின்ன வயசுப் பண்டிகையைப் பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்கு முன்னாடி பேசினவங்க பொங்கல், தீபாவளியை எல்லாம் சொல்லிட்டாங்க. நான் ஆடி பதினெட்டைச் சொல்றேன்.

நான் பொறந்தது தோகைமலைப் பக்கம். மானாவாரி பூமி. கெணத்துல தண்ணி கிடந்தா வெள்ளாமை, இல்லன்னா கூலி வேலை. எங்களுக்குக் காவிரி வருஷத்துல ஒரு நாள்தான். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு அப்பா வண்டி கட்டுவாரு. வைக்கோல் பரப்பி அதுமேல சாக்கு விரிச்சு, நாங்க அஞ்சாறு பிள்ளைங்க படுத்துக்குவோம். ஐயர்மலை இருட்டுல கருப்பாத் தெரியும். தூங்கிட்டா மலை பார்க்க முடியாதேன்னு கண்ணைக் கசக்கிக்கிட்டே கிடப்பேன். விடியக்காலம் குளித்தலை கடம்பர் கோயில் துறையில வண்டி நிக்கும். அக்கரையில முசிறி விளக்கு தெரியும்.

அம்மா புளிக்காய்ச்சலை முந்தின நாளே காய்ச்சி வச்சிருப்பாங்க. புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் தூக்குவாளியில வரும். காவிரி மாசமா இருக்கா, வாய்க்கு ருசியாக் கேப்பான்னு அப்பத்தா சொல்லும். கரையில மஞ்சப் பிள்ளையார் பிடிச்சு வச்சு, காதோலை கருகமணி, காப்பரிசி, பழம் எல்லாம் படைப்போம். வாழைமட்டையில விளக்கேத்தி ஆத்துல விடுவோம். என் விளக்கு எவ்வளவு தூரம் போகுதுன்னு கரையோட ஓடுறது இருக்கே, அதுதான் எனக்குப் பண்டிகை. கடைசியா பெரியம்மா எல்லாருக்கும் மஞ்சக்கயிறு கட்டுவாங்க. பொம்பளைங்களுக்குக் கழுத்துல, ஆம்பளைங்களுக்குக் கையில.

நான் ஏழாவது படிக்கிறப்ப அப்பா தவறிட்டாரு. அடுத்த ஆடிக்கும் போனோம், பெரியப்பா வண்டியில. அன்னைக்கும் புளிச்சோறு அம்மாதான் கிளறினாங்க. ஆனா பூஜை ஆரம்பிச்சதும் துணிப்பையை மடியில வச்சுக்கிட்டுப் படியில தள்ளி உக்காந்துட்டாங்க. யாரும் போகச் சொல்லல, யாரும் வான்னும் கூப்பிடல. பெரியம்மா எனக்குக் கயிறு கட்டுறப்ப நான் அம்மாவைப் பார்த்தேன். அவங்க ஆத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

எனக்குக் கல்யாணமாகி முதல் ஆடிக்குத் தாலிக்கயிறு மாத்த அதே துறைக்குத்தான் போனோம். அம்மா அதே படியில உக்காந்திருந்தாங்க. மாமியார் வீட்டு ஆளுங்க முன்னாடி நானும் கூப்பிடல. அதை இன்னைக்குத்தான் வெளியே சொல்றேன்.

அதுக்கப்புறம் என்னென்னவோ மாறிப்போச்சு. மாடும் இல்ல, வண்டியும் இல்ல. 2012-ல மேட்டூர் அணையைச் செப்டம்பர்லதான் திறந்தாங்க. ஆடிக்கு ஆத்துல மணல்தான். பள்ளம் தோண்டி, ஊறின தண்ணியைச் சொம்புல மொண்டு தலையில தெளிச்சுக்கிட்டு வந்தோம். 2022-ல நேர்மாறா வெள்ளம், போலீஸ்காரங்க இறங்கவே விடல. இப்போ புளிச்சோறுக்குக் கடையில பொடி வாங்குறோம். அதுல எனக்கு வருத்தமில்லை, கை வலி மிச்சம். ராத்திரி வண்டியில வைக்கோல் வாசத்தோட படுத்துக் கிடந்ததை மட்டும் என் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைக்கிறதுன்னு தெரியல.

போன வருஷம் எங்க குழு பன்னிரண்டு பேரும் வேன் பிடிச்சுப் போகலாம்னு பேசினோம். எங்கள்ல நாலு பேர் வீட்டுக்காரரை இழந்தவங்க. ஊக்குநர் அக்கா, "கயிறு எல்லாருக்கும் வாங்கிடலாமா?"ன்னு கேட்டாங்க. ரொம்ப நேரம் யாரும் வாயைத் திறக்கல. மூத்தவங்க ஒருத்தர், "சாமி காரியம், விளையாடாதீங்க"ன்னாங்க. "கடன் குடுக்கிறப்ப புருஷன் இருக்கானா இல்லையான்னா பார்க்கிறோம்?"னு இன்னொருத்தங்க கேட்டாங்க. ஒருவழியா எல்லாருக்கும்னு முடிவாச்சு. தீர்மானப் புத்தகத்துல மட்டும் வேன் வாடகையைத்தான் எழுதினேன்.

அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். வழக்கம்போலப் படியில உக்காந்தாங்க. நான் கயித்தை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போய் உக்காந்தேன். "அம்மா, உனக்குத்தான்"னேன். "எனக்கு எதுக்குடி?"ன்னு கையை முந்தானைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. நான் எந்திரிக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, "கழுத்துல வேணாம்"னு சொல்லி வலது கையை நீட்டுனாங்க. முடிச்சுப் போடுறதுக்குள்ள என் கைதான் நடுங்கிடுச்சு. அந்த மூத்தவங்க பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாங்க, ஒண்ணும் சொல்லல. சாப்பிடுறப்ப அம்மா இலையில முதல்ல சோறு வச்சதும் அவங்கதான்.

திரும்பி வர்றப்ப வேன் ஐயர்மலை தாண்டினதும் அம்மா கயித்தை அவிழ்த்துச் சுருக்குப்பையில போட்டுக்கிட்டாங்க. "ஊருக்குள்ள கேப்பாங்கடி"ன்னாங்க. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு.

தைப் பொங்கலுக்குப் போனப்போ, வெத்தலை எடுத்துக் குடுன்னு அந்தப் பையை என்கிட்ட நீட்டுனாங்க. உள்ள பாக்குக்கு அடியில அந்தக் கயிறு, மஞ்சள் வெளுத்துப்போய், சுருட்டி வச்சிருந்துச்சு.