கையுறைக்குள் கோபம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோதான் பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் குத்துச்சண்டை பற்றிப் பேசப் போகிறோம். மூதூர்ப் பெண்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சம்பந்தம், கோபம்.

நாங்கள் இங்கே படித்த தொண்ணூறுகளில் கோபப்படக் காரணங்களுக்குக் குறைவிருக்கவில்லை. யுத்தம், இடப்பெயர்வு, பாதியில் நின்ற படிப்பு. லோஞ்சில் ஏறித் திருகோணமலைக்குப் போய் வலைப்பந்தில் தோற்றுத் திரும்பிய நாட்களும் உண்டு. கோபத்தைக் காட்டினால், "பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன கோபம்?" என்று கேட்டார்கள். அடக்கு என்றார்கள், எப்படி அடக்குவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தரும் இடங்களில் ஒன்று குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம்.

கோபம் வரும்போது உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, பார்வை ஒரு புள்ளியில் குவிகிறது. ஓடித் தப்ப இது உதவும். மேடையிலோ இதுவே எதிரியாகிறது. கோபத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம், தோள் இறுகுகிறது, கை சீக்கிரம் சோர்கிறது. குத்து அகலமாக வீசப்படுவதால் எதிராளி அதை முன்கூட்டியே கண்டுகொள்கிறார். முகத்தைக் காக்க வேண்டிய கை கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே நல்ல பயிற்றுநர் கோபத்தைத் தூண்டிவிடமாட்டார். ஒரு குத்தைப் புள்ளிக்காகப் போடுவதும், நோகடிக்கவென்று போடுவதும் ஒன்றல்ல என்பதைத்தான் முதலில் பழக்குவார்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் மைக் டைசன். 1997 ஜூன் 28இல் லாஸ் வேகாஸில் ஹோலிபீல்டுடன் மோதினார். எதிராளியின் தலை வந்து முட்டியதில் அவருக்குப் புருவத்தில் காயம். அவருடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் மூன்றாம் சுற்றில் ஹோலிபீல்டின் காதைக் கடித்தார். போட்டி பறிபோனது, அனுமதிப்பத்திரம் இரத்தானது, 30 இலட்சம் டொலர் அபராதம்.

நமக்கு இன்னும் அருகில் இருப்பது மணிப்பூரின் சரிதா தேவியின் கதை. குழந்தை பெற்ற பின் மீண்டும் மேடைக்கு வந்த தாய் அவர். 2014இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், அரையிறுதியில் அந்நாட்டு வீராங்கனை பார்க் ஜினாவுடன் மோதினார். சரிதாவே வென்றார் என்று பலர் நினைத்திருக்க, நடுவர்கள் 3-0 எனப் பார்க்குக்குத் தீர்ப்பளித்தார்கள். முறையீடும் எடுபடவில்லை. பரிசளிப்பின்போது அழுதபடி வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் ஏற்க மறுத்த சரிதா, கையில் வாங்கிப் பார்க்கிடமே கொடுத்துவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது.

சரிதா பிழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குத்துச்சண்டைத் தீர்ப்புகளில் குறைகள் இருந்தது உண்மை. 2016 றியோ ஒலிம்பிக் போட்டிகளில் முறைகேடு நடந்ததாக 2021இல் மக்லாரன் விசாரணையே கண்டறிந்தது. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு விலையாகப் போனது ஒரு வீராங்கனையின் ஓராண்டு. கோபம் நியாயமானதா என்பது ஒரு கேள்வி. அதை எங்கே, எப்போது, யாரிடம் செலவழிப்பது என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்வியைத்தான் பெண்களுக்கு யாரும் கற்பிப்பதில்லை. முதல் கேள்விக்கே "உனக்குக் கோபம் வரக்கூடாது" என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

பையைக் குத்தினால் கோபம் ஆறிவிடும் என்று பலர் நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 மாணவரை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறாகச் சொல்கிறது. கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டு பையைக் குத்தியவர்களுக்கே கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்கள்தான் குறைவான வன்மம் காட்டினார்கள். ஆகவே, தங்கைமாரே, பைக்கு முன்னால் நிற்கும்போது யாருடைய முகத்தையும் அதில் ஒட்டாதீர்கள். கால் எங்கே நிற்கிறது, மூச்சு எப்போது வெளியேறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

செய்யக்கூடியவை எளியவை. குத்தும்போது மூச்சை வெளியே விடுவது. சுற்றுகளுக்கு இடையிலான ஒரு நிமிட ஓய்வில், உள்ளிழுப்பதை விட நீளமாக மூச்சை விடுவது. அது இதயத் துடிப்பைத் தணிக்கும். தோளைத் தளர்த்தி, ஒரே ஒரு சொல்லை மனதில் சொல்லிக்கொள்வது. "நிறுத்து" என்று நடுவர் சொன்ன கணமே கை நிற்பது. தோற்றால் அன்றைக்கே வாதாடாமல், மறுநாள் பயிற்றுநருடன் இருந்து பார்ப்பது. மாமியாரோடும் மேலதிகாரியோடும் பேசும்போதும் இவை பயன்படும் என்பதை அக்காமார் கவனிக்க.

இவை நமக்குப் புதியவையும் அல்ல. திருக்குறளில் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமே உண்டு. மல்யுத்த வீரரையும் கோபத்தை அடக்குபவரையும் ஒப்பிடும் நபிமொழியை நம்மில் பலர் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம்.

வைத்தியர்களாகிய நாம் ஒன்றை மறைக்கக்கூடாது. தலையில் அடி வாங்குவது மூளைக்குக் கேடு. உலக மருத்துவச் சங்கம் குத்துச்சண்டையைத் தடைசெய்ய வேண்டும் என்றே சொல்கிறது. பையிலும் கால் அசைவிலும் பழகுவதற்கு அந்த ஆபத்து இல்லை. மேடையேற விரும்பும் பிள்ளைக்குத் தகுதியான பயிற்றுநர், வாய்க்காப்பு, தலைக்கவசம், வைத்தியப் பரிசோதனை எல்லாம் கட்டாயம். தலையில் அடிபட்டு மயக்கமோ, தலைவலியோ, வாந்தியோ, தடுமாற்றமோ வந்தால் அன்று விளையாட்டு முடிந்தது; வைத்தியசாலைக்குப் போக வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை" என்று பிள்ளை கோபத்தோடு சொன்னால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

2018இல் கோல்ட் கோஸ்டில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில் நம் நாட்டின் அனுஷா கொடித்துவக்கு அரையிறுதியில் மேரி கோமிடம் தோற்று, வெண்கலத்தோடு வந்தார். தோற்ற இடத்திலிருந்தும் ஒரு பதக்கம் வீடு வந்து சேரலாம்.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. தற்காப்போ குத்துச்சண்டையோ பழகக் கேட்கும் தங்கைமாருக்கு ஒரு பெண் பயிற்றுநரைத் தேடித் தாருங்கள். உபகரணச் செலவை வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். அடுத்தது, பரிசோதனைக்கு நம் மாணவியரான வைத்தியர்கள் தவணைக்கு ஒருமுறை வருவோம். அதற்கொரு நாளைக் குறித்துத் தாருங்கள்.

கோபம் வருகிற பிள்ளையைக் கெட்ட பிள்ளை என்று இந்த மண்டபத்தில் இனி யாரும் சொல்லாதிருக்கட்டும். அவளுக்குக் கால் வைக்கும் விதத்தையும் மூச்சு விடும் விதத்தையும் சொல்லிக் கொடுப்போம்.