எங்களுக்குப் பிறகு எந்த வீட்டில்?

வயதையும் மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெற்றோருக்கும், வேலைக்கு ஆள் மாற்றிவிட்டு வந்திருக்கும் உதவியாளர்களுக்கும், தம் வீட்டுத் தோழர்களோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியே என் வணக்கம்.

தலைமை உரை என்றால் எல்லாவற்றையும் தொட்டுச் செல்வது வழக்கம். நான் ஒன்றை மட்டும் பேசுகிறேன். வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளையோடு வாழும் எந்தப் பெற்றோரிடமும் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், பேச்சு ஓரிடத்தில் வந்து நிற்கும். "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துப்பாங்க?" பள்ளி வயதில் சிறப்புப் பள்ளி உண்டு, பயிற்சி உண்டு. பதினெட்டு தாண்டியதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொள்கிறது. நாற்பத்தைந்து வயது மகனுக்கு எழுபத்தைந்து வயதுத் தாய் சவரம் செய்துவிடும் வீடுகள் தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் இருக்கின்றன.

அந்தக் கேள்விக்கு இதுவரை ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். அண்ணன், சித்தி மகள், ஓர் அறக்கட்டளை, கடைசியில் ஒரு 'ஹோம்'. எந்த வீட்டில், அது யார் பெயரில், கூரையைத் தருபவரும் குளிப்பாட்டிச் சோறூட்டுபவரும் ஒருவரேயா என்று நாம் கேட்பதில்லை. வீடு ஒருவர் பொறுப்பிலும் உதவி இன்னொருவர் பொறுப்பிலும் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. இரண்டும் ஒரே கையில் இருந்தால், உதவியைப் பற்றிக் குறை சொல்பவர் கூரையையும் இழப்பார். அந்த அச்சத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதைத் தாம்பரத்தில் நின்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சென்னை மனநலக் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தபோது அது நகரத்தின் ஓரம். 1924இல் செங்கல்பட்டு அருகே திருமணியில் தொழுநோயாளர் குடியிருப்பு எழுந்தது. 1928இல் டாக்டர் சவுரி முத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார், 1937இல் அரசு அதை ஏற்றது. அந்த மருத்துவமனையால்தான் நம் ரயில் நிலையம் ஒன்றுக்கு இன்றும் சானடோரியம் என்று பெயர். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் மருந்தில்லாத காலத்தில் விலக்கி வைத்ததற்கு ஒரு நியாயம் சொல்லலாம். மூளை முடக்குவாதமோ அறிவுசார் குறைபாடோ யாருக்கும் தொற்றுவதில்லை. ஆனாலும் அவை உள்ளவர்களையும் அதே ஊர்க்கோடியில் கொண்டுபோய் விட்டோம். இன்று ஊர் வளர்ந்து, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியாகி, அந்த ஊர்க்கோடி நடுத்தெரு ஆகிவிட்டது. புதிய இல்லங்களோ நிலம் மலிவாகக் கிடைக்கும் இடம் தேடி மேலும் தெற்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன.

விலக்கி வைப்பதன் கடைசி எல்லையை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. கீற்றுக் கொட்டகையில் தீ. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். சங்கிலியைப் பற்றி நாடே பேசியது, பேச வேண்டியதும்தான். அந்தக் கொட்டகை, உணவு, கதவின் பூட்டு, உறவினர் அனுப்பிய பணம் எல்லாம் ஒரே ஆளின் கையில் இருந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. வெளியாள் ஒருவர் வாரம் ஒருமுறை உள்ளே எட்டிப்பார்க்கும் ஏற்பாடு இருந்திருந்தால் சங்கிலி அத்தனை நாள் நீடித்திருக்காது.

கொடியவர் நடத்தும் இடத்தில்தான் இப்படி நடக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கத்தில் ஆஷா நிகேதன் இருக்கிறது. அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்களும் உதவியாளர்களும் ஒரே வீட்டில் ஒன்றாக உண்டு உழைத்து வாழும் இல்லம், 1964இல் பிரான்சில் தொடங்கிய லார்ஷ் இயக்கத்தைச் சேர்ந்தது. பராமரிப்பு என்பதைத் தோழமையாக நமக்குக் காட்டியவர்கள் அவர்கள். அந்த இயக்கத்தைத் தோற்றுவித்த ழான் வனியே உலகமே போற்றிய மனிதர். அவர் மறைந்தபின், இயக்கம் தானே ஏற்பாடு செய்த விசாரணையின் முடிவு 2020இல் வெளிவந்தது. ஆன்மிக வழிகாட்டி என்ற நிலையைப் பயன்படுத்திப் பெண்களிடம் அவர் தவறாக நடந்துகொண்டார் என்று அது கண்டது. அந்தப் பெண்கள் மாற்றுத்திறனாளிகள் அல்லர். உண்மையை மறைக்காமல் வெளியிட்ட இயக்கத்தின் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். மகான் என்று பெயரெடுத்தவரைக்கூட யாரேனும் கேள்வி கேட்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பதை அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19ஆம் பிரிவு பேசுகிறது. நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சமூகத்தோடு வாழும் உரிமையைத் தருகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ இன்னும் அழுத்தமாகப் பேசுகிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வெளியே வசதி இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. சட்டம் வந்து ஈராண்டு கழித்து வெளியான தேசிய ஆய்வில், 43 அரசு மனநல மருத்துவமனைகளில் தங்கியிருந்தவர்களில் சுமார் 36 விழுக்காட்டினர் ஓராண்டுக்கும் மேலாக அங்கேயே இருந்தார்கள். போக இடமில்லை என்பதே அவர்களில் பலருக்கும் காரணம்.

அந்த இடத்தை உண்டாக்கிக் காட்டிய அமைப்பு நம் ஊரிலேயே இருக்கிறது. 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய பேன்யன் என்ற மனநல அமைப்பு, 2015இல் 'ஹோம் அகெய்ன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நெடுங்காலம் விடுதியில் இருந்தவர்கள், திரும்பிப் போகக் குடும்பம் இல்லாதவர்கள், தமக்கு ஒத்துப்போகும் நாலைந்து பேராகச் சேர்கிறார்கள். கோவளம் போன்ற ஊர்களில் சாதாரணத் தெருவில் வாடகைக்கு வீடு. அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் உதவியாளராகக் கூட இருக்கிறார், செவிலியரும் சமூகப் பணியாளரும் வந்து போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தத் திட்டமும் முன்மாதிரியாக இடம்பெற்றது.

இப்படிப்பட்ட ஒரு வீட்டின் காலையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு நடுவயதுக்காரர் முனைக்கடைக்குப் போகிறார். ஆவின் பாலில் அவருக்கு வேண்டியது நீலப் பாக்கெட். ஆரஞ்சைக் கொடுத்தால் வாங்க மாட்டார். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மீதியை எண்ணத் தெரியாது, கடைக்கார அம்மா எண்ணிச் சட்டைப் பையில் வைத்து, "பத்திரமா போங்கண்ணே" என்கிறார். ஒருநாள் அவர் வராவிட்டால் "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்கே ஆள் அனுப்புகிறார். "தெருவுல விட்டா ஏமாத்திடுவாங்க" என்று அஞ்சும் பெற்றோருக்கு என்னிடம் உள்ள பதில் அந்த அம்மாதான். இருபது ஏக்கர் காப்பக வளாகத்துக்குள் அப்படியொருவர் முளைக்க வழியில்லை. அங்கே பால் லாரியில் வரும், மூன்றரை மணிக்கு எல்லோருக்கும் ஒரே சர்க்கரையில் தேநீர் வரும்.

பேன்யன் நண்பர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். அவர்களைப்போல் வீடு அமைக்கும் எல்லோரிடமும்தான் கேட்கிறேன். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? அமைப்பின் பெயரில் என்றால், அமைப்போடு மனத்தாங்கல் வரும் நாளில் அந்த வீட்டில் வாழ்பவர் எங்கே போவார்? 2016 சட்டத்தின் 13ஆம் பிரிவு அவருக்குச் சட்டத் தகுதியைத் தருகிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம்கூட, தெளிவாக இருக்கும் வேளையில் ஒருவர் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்கிறது. 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுப் பதியச் சொல்கிறது. அந்தத் தாளில் வாழ்பவரின் பெயர் இருக்கட்டும், தேவையானால் துணைக் கையொப்பம் இருக்கட்டும்.

சொல்வது எளிது. செய்யப் போனால் முதல் தடை 'டு லெட்' பலகையிலேயே இருக்கிறது, 'குடும்பத்தினருக்கு மட்டும்' என்று. அதைத் தாண்டினால் பத்து மாத அட்வான்ஸ். அதையும் தாண்டினால் ரேஷன் அட்டை, அதில் குடும்பத் தலைவர் யார், அவருக்கு மற்றவர்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம். பத்து வருடமாக ஒரே அடுப்பில் சமைத்துண்ணும் நான்கு பெண்கள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள்? பொதுவிநியோகத் துறை ஓர் அரசாணையில் தீர்த்துவிடக் கூடியது இது. இந்தக் கருத்தரங்கின் தீர்மானங்களில் அதை முதலில் வையுங்கள்.

அடுத்தது பணம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் உதவியாளரை 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரவும் பகலும் துணை தேவைப்படும் ஒருவருக்கு அப்படியானால் மூன்றரை ஆள் வேண்டும். தனிக் குடும்பத்தால் இந்தச் சம்பளத்தைத் தர முடியாது என்பதால்தான் தாய் அந்த மூன்றரை ஆளாகவும் இருக்கிறார். நாலு பேர் ஒரு வீட்டில் சேர்ந்தால் ஒருவர் பங்குக்கு ஓர் ஆள்கூட வராது. நாலைந்து பேர் என்ற எண்ணிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது. இன்னும் மிச்சம் பிடிக்கலாம் என்று இருபதுக்குப் போனால் வீடு விடுதியாகிவிடும். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை 'கரௌண்டா' என்ற இல்லத் திட்டத்தை இருபது பேர் கணக்கில் அமைத்தது எனக்கு உடன்பாடில்லை. மாநில அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான மாதப் பராமரிப்புத் தொகையை 2023 முதல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. நல்ல உயர்வுதான், ஆனால் தாம்பரத்தில் ஒரு வாடகைப் பங்குக்கே அது பற்றாது. உலக வங்கி உதவியோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவை மையங்களைத் திறந்து வருகிறது. அதே கையோடு உதவியாளர் சம்பளத்தையும் மாநிலம் ஏற்க வேண்டும், அந்தப் பணம் அமைப்பின் கணக்குக்குப் போகாமல் வாழ்பவரின் பேரில் வர வேண்டும். உதவி பிடிக்கவில்லை என்றால் அவர் உதவியை மாற்றிக்கொள்வார், வீட்டில் இருந்துகொண்டே.

வீடுகள் எங்கிருந்து வரும்? இந்தப் பகுதியில் அரைக் கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டிய ரயில்வே ஊழியர்களும் ஆசிரியர்களும் விமானப்படைப் பணியாளர்களும் இன்று எழுபதைக் கடந்தவர்கள். கட்டுநர்கள் 'ஜாயின்ட் வென்ச்சர்' பேச அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். தம் பங்காக வரும் அடுக்ககங்களில் ஒன்றை அறக்கட்டளைப் பெயரில் வைத்து, தம் பிள்ளையும் இன்னும் மூவரும் வாழ விடலாம். மற்ற மூவரும் அந்தப் பிள்ளையின் தயவில் இருப்பவர்களாக ஆகிவிடாமல், அவர்களுக்கும் முறையான வாடகை உரிமை வேண்டும். அரசு வீட்டுத் திட்டங்களில் ஐந்து விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்று 2016 சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்கிறது. பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் அத்தனை ஆயிரம் குடியிருப்புகள் எழுந்தனவே, அவற்றில் நால்வர் சேர்ந்து வாழும் வீடு என்று ஒன்றையாவது ஒதுக்கக் கூடாதா?

தரைத்தளம் கேட்கும்போது மட்டும் ஒரு நிமிடம் நிதானியுங்கள். சக்கர நாற்காலிக்குத் தரைத்தளம் என்று வாய்ப்பாடாகச் சொல்கிறோம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தபோது முதலில் மூழ்கியது தரைத்தளம். எட்டாம் மாடியிலோ லிஃப்ட் நின்ற அன்று மனிதர் சிறைப்பட்டுப் போகிறார். தூண்களின் மேல் எழுந்த முதல் தளம், சரிவுப்பாதை, மின்சாரம் போனாலும் இயங்கும் லிஃப்ட், இவை மூன்றும் நம் பகுதிக்கான கட்டட விதியாக வேண்டும். பிற்பகல் அமர்வுக்கு வரும் கட்டடக் கலைஞர்கள் இதற்கு வரைபடத்தோடு பதில் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

முதல் அமர்வில் பேசப்போகிறவர்கள் சேர்ந்து வாழும் வீடுகளிலிருந்து வந்திருக்கும் ஆறு பேர். ஒருவர் எழுத்தும் படமும் உள்ள பலகையைச் சுட்டிக்காட்டிப் பேசுவார், இன்னொருவருக்கு ஒரு வாக்கியம் முடிக்க ஒரு நிமிடம் ஆகும். நேரம் முடிந்ததென்று மணியடிக்க வேண்டாம் என அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் என்னைப் போன்றவர்கள் வாசிக்கவிருந்த இரண்டு கட்டுரைகள் நாளைக்குத் தள்ளிப்போகின்றன. அந்த ஆறு பேரும் மேடைக்கு வர இந்தச் சரிவுப்பாதை வழியை விட்டு விலகி அமருமாறு கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.