காது கேளாத சாமியார்
(நமது கிறிஸ்துமஸ் கூட்டத்தில் பேசியது)



'மேஷ்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1972 முதல் 1983 வரை ஓடியது. கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவ முகாம்தான் களம். அங்கே மல்கேஹி என்று ஒரு கத்தோலிக்கச் சாமியார். டாக்டர்கள் உயிரைக் காப்பாற்றுகிறார்களே, நம்மால் என்ன உபயோகம் என்று வருந்துபவர். ஒரு கிறிஸ்துமஸ் கதையில், கர்வம் பிடித்த டாக்டர் ஒருவரின் அம்மாவுக்கு எழுதி, அவர் சிறுவயதில் போட்ட தொப்பியை வரவழைக்கிறார். டாக்டர் நெகிழ்ந்துவிடுகிறார். கடைசிக் கதையில், கைதிகளைத் திறந்துவிட ஓடும்போது பக்கத்தில் குண்டு வெடித்துச் சாமியாருக்குக் காது போகிறது. அதன் பிறகும் ஒரு கல்யாணம் நடத்திவைக்கிறார்.

அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. எங்கள் கோயிலில் இரண்டு சாமியார்கள். பெரியவருக்குக் காது மந்தம். அதனாலேயே பையன்கள் நாங்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு அவரிடம்தான் வரிசை கட்டுவோம். எந்தத் தப்பைச் சொன்னாலும் மூன்று ஜெபம்தான் பரிகாரம். வெளியே வந்து சிரிப்போம்.

அப்பா இறந்த இரவு, கொட்டும் மழையில் அவர்தான் நடந்து வந்தார். எங்கள் அழுகை அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது. விடியும்வரை அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். அன்றோடு என் சிரிப்பு நின்றது.

இப்போது எனக்கே காதில் மெஷின். நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்களை நீங்கள் அறிவீர்கள். என்ன பேசுவது என்று தயங்காதீர்கள். போய்ச் சற்று நேரம் உட்காருங்கள், போதும்.