நிறுத்திவிட்டுப் பேசுங்கள்

(ஆஸ்பத்திரி ஊழியத்தைத் தாங்குவோர் கூடுகையில் ஆற்றிய உரை)



எங்கள் ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வருகிறீர்கள். இன்று பணம் அல்லாத ஓர் உதவியைக் கேட்க வந்திருக்கிறோம்.

1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை ராமேசுவரம் தீவுக்கு ரயிலும் படகுமே வழி. இன்று மதுரையிலிருந்து ராமநாதபுரம், மண்டபம் வழியாகத் தனுஷ்கோடி வரை தேசிய நெடுஞ்சாலை செல்கிறது. யாத்திரிகர்களின் வேன்களும் மீன் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. டிரைவர்களின் கையில் செல்போன் இருக்கிறது.

ஏன் எடுக்கிறார்கள்? பல வேளைகளில் பிழைப்புக்காகத்தான். வேன் டிரைவருக்கு அடுத்த சவாரி போனில்தான் வருகிறது. மீன் லாரிக்காரரை, "எங்கே வருகிறாய்?" என்று வியாபாரி கூப்பிடுகிறார். "சாப்பிட்டீர்களா?" என்று வீட்டார் கேட்கிறார்கள். பைக்கில் போகிறவரோ ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறார்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி போனைப் பார்த்தால், 50 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். போன் பேசி ஓட்டுகிறவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. காதில் மாட்டிப் பேசினாலும் ஆபத்து நீங்காது. கை ஓய்ந்தாலும் மனம் பேச்சிலேயே இருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி, கையில் போனைப் பிடித்து ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்ற குற்றம். முதல் முறையே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டனை டிரைவருக்குத்தான், கூப்பிட்டவருக்கு இல்லை. அந்தக் கூப்பிட்டவர் பல நேரம் நாமே அல்லவா?

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். டிரைவர் போனை எடுத்தால், "நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்" என்று சொல்லி உடனே வைத்துவிடுங்கள். சபையார் வேன் பிடித்துக் கன்வென்ஷனுக்குப் போகையில், வழியையும் நேரத்தையும் முன்னமே சொல்லிவிட்டு, டிரைவரின் போனை முன்சீட்டில் இருப்பவர் வாங்கிப் பேசட்டும். போனை எடுக்கவில்லை என்பதற்காக அவருடைய சவாரியை வேறொருவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடிபட்டவனைச் சத்திரத்தில் சேர்த்த சமாரியனை அறிவோம். எங்கள் ஆஸ்பத்திரியும் அப்படியொரு சத்திரமே. ஆனால் முறிந்த எலும்பு கூடுவதுபோல், தலையில் அடிபட்ட எல்லோருக்கும் பேச்சும் நினைவும் திரும்புவதில்லை. வழிப்போக்கரைச் சத்திரத்துக்கு வரவிடாமல் சுகமாய் வீடு சேர்ப்பதும் அதே அன்பின் ஊழியம்தான்.